வியர்க்கும் மேசை விரிப்பு: 'தாவர எண்ணெய்' பிளாஸ்டிக் வாங்கும் முன்...

சில வருடங்களுக்கு முன்னர் பெருநாள் வியாபாரத்தை நம்பி 60 ரோல் மேசை விரிப்பு எடுத்தேன். பூப்போட்ட பி.வி.சி. விரிப்பு. கொண்டுவந்த ஏஜன்ட், "இது பழைய சாமான் இல்ல நானா. தாவர எண்ணெய் போட்டு மெதுவாக்கினது. வெளிநாட்டுல இப்ப இதுதான் ஓடுது" என்றார். விலையும் வழமையானதை விடச் சற்றுக் குறைவாக இருந்தது. அந்த இடத்திலேயே நான் யோசித்திருக்க வேண்டும்.

பாதி விற்றது. மீதி தகரக் கூரை போட்ட களஞ்சியத்தில் கிடந்தது. மூன்று மாதம் கழித்து ரோலை விரித்தபோது கை வழுக்கியது. மேற்பரப்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. அதில் தூசி ஒட்டிக் கறுத்துப் போயிருந்தது. விற்றவையும் திரும்பி வரத் தொடங்கின. "தம்பி, துடைக்கத் துடைக்க வியர்க்குது" என்று ஒரு வயதான உம்மா கொண்டுவந்து வைத்தார். அவருடைய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். என்னுடைய பணத்தைத் திருப்பித் தர யாரும் இருக்கவில்லை.

பிளாஸ்டிக் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் மருமகனிடம் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தேன். "மாமா, எண்ணெயில பிழை இல்ல. என்ன எண்ணெய், எவ்வளவு போட்டிருக்குண்டு நீங்க கேக்காததுதான் பிழை" என்றான். அவனிடம் கேட்டதையும் அதன் பின்னர் நானே தேடிப் படித்ததையும், செருப்பு, ரெக்சின், ஹோஸ், விரிப்பு வியாபாரம் செய்யும் நண்பர்களுக்காக எழுதுகிறேன்.

பி.வி.சி. இயல்பில் தண்ணீர்க் குழாயைப் போல விறைப்பானது. அதை விரிப்பாக மடிக்க வேண்டுமானால் மெதுவாக்கும் திரவம் ஒன்றைக் கலக்க வேண்டும். அத்திரவம் பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகளுக்கு இடையில் புகுந்து அவற்றை நெகிழ விடுகிறது. மெதுவான விரிப்பு ஒரு கிலோவில் ஏறத்தாழ 300 கிராம் இந்தத் திரவமாக இருக்கலாம். பல தசாப்தங்களாக இதற்கு உலகெங்கும் பாவிக்கப்பட்டது, பெற்றோலியத்திலிருந்து எடுக்கப்படும் டி.ஓ.பி. எனும் பொருள். அது பிளாஸ்டிக்கோடு இறுகப் பிணைவதில்லை, மெல்ல மெல்ல வெளியேறும். இனப்பெருக்க வளர்ச்சியை அது பாதிப்பதாக விலங்கு ஆய்வுகள் காட்டிய பின்னர் சட்டங்கள் வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2007 ஜனவரி முதல் விளையாட்டுப் பொருட்களிலும் குழந்தைப் பொருட்களிலும் அதை 0.1 வீதத்துக்கு மட்டுப்படுத்தியது. 2020 ஜூலையில் செருப்பு, விரிப்பு போன்ற பெரும்பாலான பாவனைப் பொருட்களுக்கும் அதே அளவு வந்தது. அமெரிக்கா 2008 இல் சிறுவர் பொருட்களுக்குச் சட்டம் செய்தது. அந்தச் சந்தைகளுக்குப் போக முடியாத சரக்கு வேறெங்கே மலிவாக இறங்கும் என்பதை வியாபாரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தாவர எண்ணெய் இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. இலண்டனில் 1862 ஆம் ஆண்டுக் கண்காட்சியில் அலெக்சாண்டர் பார்க்ஸ் காட்டிய முதல் பிளாஸ்டிக்கின் சேர்மானங்களில் ஆமணக்கெண்ணெயும் ஒன்று. இன்று அதிகம் பாவிக்கப்படுவது சோயா எண்ணெய். ஆனால் போத்தலில் உள்ள எண்ணெயை அப்படியே ஊற்றினால் பி.வி.சி. அதை ஏற்காது, கக்கிவிடும். அதனால் ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் அசிட்டிக் அல்லது போர்மிக் அமிலமும் சேர்த்து, எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகளில் ஒட்சிசனை ஏற்றுகிறார்கள். 'எபொக்சி சோயா எண்ணெய்' என்று பீப்பாயில் வருவது இதுதான். இது பிளாஸ்டிக்கோடு கலக்கும். சூட்டில் பி.வி.சி. வெளியிடும் அமிலத்தையும் பிடித்து வைப்பதால் பொருள் சீக்கிரம் மஞ்சளிக்காது.

இது நல்ல சாமான்தான், ஆனால் அளவோடு. பொதுவாக வேறொரு மெதுவாக்கியுடன் துணையாக ஒரு சில வீதமே போடுவார்கள். செலவைக் குறைக்க அதையே அள்ளிப் போட்டால், அல்லது ஒட்சிசன் சரியாக ஏறாத மட்டமான எண்ணெயைப் போட்டால், வெயிலிலும் வெக்கையிலும் அது வெளியே வரும். எனது தகரக் கூரைக்குக் கீழ் நடந்தது அதுவே என்பது மருமகனின் முடிவு. ஆமணக்கெண்ணெயிலிருந்து டென்மார்க் கம்பனி ஒன்று தயாரித்த வகை டி.ஓ.பி.யின் இடத்தை முழுமையாகவே எடுக்கக்கூடியது. ஆனால் அதன் விலைக்கு மலிவு விரிப்பு செய்ய முடியாது.

எமது தேங்காயெண்ணெய் உதவாதா என்று கேட்டேன். மருமகன் சிரித்தான். தேங்காயெண்ணெயில் சுமார் 90 வீதம் நிரம்பிய கொழுப்பு. ஒட்சிசன் போய் அமர இடமே இல்லை. இலுப்பெண்ணெயை ஆராய்ச்சியாளர்கள் பி.வி.சி.யில் கலந்து பார்த்திருக்கிறார்கள். இறப்பர் விதை எண்ணெயும் இதற்கு ஏற்றதுதான். ஆனால் இறப்பர் தோட்டத்தில் விதை பொறுக்குவதற்கு ஆள் கூலி கொடுத்துப் பாருங்கள், கணக்கு எங்கே போய் நிற்கிறதென்று தெரியும்.

அச்சாறு, சம்பல் போத்தலில் அடைத்து ஏற்றுமதி செய்வோர் இதையும் கவனிக்க வேண்டும். தகர மூடியின் உட்புறமுள்ள மெதுவான வளையம் பெரும்பாலும் பி.வி.சி.; அதில் எபொக்சி சோயா எண்ணெய் கணிசமாக இருக்கும். போத்தலுக்குள் எண்ணெய்ப் பதார்த்தம் இருந்தால் அது உணவுக்குள் இறங்கும். ஐரோப்பாவில் எல்லை ஒரு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராம், குழந்தை உணவுக்கு 30. 2005 ஆம் ஆண்டளவில் சுவிட்சர்லாந்தில் எண்ணெய் கலந்த போத்தல் உணவுகளைச் சோதித்தபோது பல அந்த எல்லையைத் தாண்டியிருந்தன. தாவர எண்ணெயிலிருந்து வந்தது என்பதற்காகச் சட்டம் அதற்கு விலக்களிக்கவில்லை.

ஏஜன்ட் சொல்லும் வார்த்தைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 'டி.ஓ.பி. இல்லாதது' என்றால் 'தாவர எண்ணெய்' என்று அர்த்தமல்ல. அதன் இடத்துக்கு வந்துள்ள டி.ஓ.டி.பி. என்பதும் பெற்றோலியம்தான், ஆனால் அந்தத் தடைப் பட்டியலில் இல்லாதது. 'சோயா எண்ணெய் கலந்தது' என்பது ஒரு கிலோவில் 30 கிராமாகவும் இருக்கலாம். 'உக்கும்' என்பது சுத்தப் பொய். எந்த எண்ணெய் போட்டாலும் பி.வி.சி. உக்காது. கடையில் நாம் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னால் அந்தப் பொய் நமதாகிவிடுகிறது.

இப்போது நான் எந்த மெதுவாக்கி, எத்தனை வீதம் என்பதை எழுத்தில் தராதவரிடம் ஓடர் கொடுப்பதில்லை. தந்தாலும் மாதிரித் துண்டு ஒன்றை இரண்டாக மடித்து இறுக்கி வைத்து, ஒரு நாளிலும் ஏழு நாளிலும் மடிப்பின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்கிறேன். ஆய்வுகூடங்களிலும் மடித்து வைத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. இன்னொரு துண்டை இரண்டு வெள்ளைக் கடதாசிகளுக்கு நடுவில் பாரம் ஏற்றி, களஞ்சியத்தின் ஆக வெக்கையான மூலையில் வைக்கிறேன். கடதாசியில் எண்ணெய்க் கறை விழுந்தால் பேச்சு முடிந்தது.

போன கிழமை அதே ஏஜன்ட் புதிய மாதிரியுடன் வந்தார். இந்தத் தடவை விலை கூட. "இது வேற கம்பனி நானா" என்றார். ஒரு துண்டை மடித்துக் கட்டி லாச்சிக்குள் போட்டிருக்கிறேன். நாளை மறுநாள் ஏழாவது நாள்.