மேசைமேல் ஒரு பாரந்தூக்கி

விளையாட்டுப் பொருளில் என்ன பெரிய பாடம் இருந்துவிடப் போகிறது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். வாங்கிக் கொடுத்தால் பிள்ளை இரண்டு நாள் விளையாடுவான். மூன்றாம் நாள் உடைத்துப் போடுவான். விளாத்திகுளம் வட்டத்துப் புதூரில், ஓர் இல்லத்தில் நாம் கண்ட காட்சி இந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

அவ்வில்லத்தின் தலைவர் வளைகுடா நாடொன்றில் கலாசியாகப் பணிபுரிகிறவர். பாரந்தூக்கியின் கொக்கியில் சுமையைக் கட்டி, அதை இயக்குபவருக்குக் கைச்சைகை காட்டுவது அவர் தொழில். மழை பொய்த்தால் மிளகாயும் மல்லியும் பொய்த்துப்போகும் கரிசல் பூமியிலிருந்து இவ்வாறு புறப்பட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர்! அவர்கள் அனுப்பும் பணம் வீடு வந்து சேர்கிறது. அது எத்தகைய உழைப்பின் பயன் என்பதை வீட்டார் அறிவதில்லை.

விடுப்பில் வந்த அவர், உண்மைப் பொறியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரிப் பாரந்தூக்கி ஒன்றை மகனுக்காகக் கொண்டுவந்திருந்தார். கயத்தாறுப் பக்கம் காற்றாலைகளை நிறுத்த வந்த பெரும் பொறிகளைச் சாலையோரம் நின்று பார்த்திருந்த சிறுவனுக்கு மகிழ்ச்சி தாளவில்லை. தந்தையோ முதல் வேலையாகக் கத்தரிக்கோலை எடுத்து அதன் நூலை வெட்டினார்!

நூல் கற்பித்த கணக்கு

"இந்த நூல் தொய்ந்து கிடக்கிறது பார். தொய்ந்த வடத்தை நம்பி யாரும் பாரம் தூக்க மாட்டார்கள்" என்றார் அவர். ஏன் தொய்கிறது? ஐம்பதில் ஒரு பங்கு என்றால், ஐம்பது மீட்டர் நீளமுள்ள கை ஒரு மீட்டர் ஆகும். 25 மில்லிமீட்டர் கம்பிவடம் அரை மில்லிமீட்டர் நூலாகும். ஆனால் எடை அவ்வாறு குறைவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஐம்பது மடங்கு குறைவதால், எடை 1,25,000 மடங்கு குறைந்துவிடும். ஆயிரம் கிலோ எடையுள்ள கொக்கி, மாதிரியில் வெறும் 8 கிராம்! அது நூலை எப்படி நிமிர்த்தும்?

கொக்கியின் உட்புறத்தில் சைக்கிள் சக்கரத்தின் எஃகுக் குண்டுகளை ஒட்டி அவர் எடை கூட்டினார். ஈயம் நஞ்சாதலால் பிள்ளைகள் தொடும் பொருளில் அதை விலக்கினார். இழை பிரியாத பின்னல் நூலைத் தேர்ந்து, தேன்மெழுகு தடவிப் பிசிறை அடக்கினார். பிறகு கையின் நுனியிலுள்ள கப்பிகளுக்கும் கொக்கியிலுள்ள கப்பிகளுக்கும் இடையே நான்கு இழைகளாக நூலைக் கோத்தார்.

நம் தோட்டக் கிணற்றுக் கமலையை நினைத்துப் பாருங்கள். அங்கே வடம் ஓடும் கப்பி, இழுக்கும் திசையை மட்டுமே மாற்றுகிறது. கூனையின் முழுப் பாரமும் மாடுகளின் மேல்தான். கொக்கியோடு சேர்ந்து நகரும் கப்பியோ பாரத்தைப் பங்கிடுகிறது. நான்கு இழைகள் என்றால் ஒவ்வொன்றும் கால் பங்கைத் தாங்கும். ஆனால் கொக்கியை ஒரு சாண் உயர்த்த, நான்கு சாண் நூலைச் சுற்றவேண்டும். எளிமைக்கு விலை பொறுமை!

இத்தகைய கைவேலை புதியதன்று. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி, தம் மைந்தருக்காகத் துளையிட்ட உலோகத் தகடுகளைத் திருகாணியால் பூட்டிப் பாரந்தூக்கி செய்தார். 1901-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். மெக்கானோ என்று உலகம் அறிந்த விளையாட்டு, ஒரு தந்தையின் அன்பில் பிறந்ததே.

மண் கற்பித்த பாடம்

மறுநாள் சிறுவன் அதை முற்றத்துக்கு எடுத்துச் சென்று, முன்னிரவு மழையில் நனைந்திருந்த கரிசல் மண்மேல் நிறுத்தி, ஒரு கல்லைத் தொங்கவிட்டான். நூல் அறவில்லை, கொக்கி வளையவில்லை. ஒருபுறச் சங்கிலிச் சக்கரம் மெல்ல மண்ணில் புதைய, பொறி முழுவதும் குப்புறச் சாய்ந்தது. சிறுவன் சிரித்தான். தந்தை சிரிக்கவில்லை.

"மழைக்குப் பின் இப்படி ஒன்று சாய்ந்ததை நான் நேரில் பார்த்தேன். நான் நின்ற இடத்திலிருந்து பத்தடி தூரம்" என்றார். அடுப்படியிலிருந்து வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டார். "இத்தனை வருடத்தில் இதை ஒருமுறைகூட எங்களிடம் சொல்லவில்லையே நீங்கள்!" என்பதற்குமேல் அவரால் பேச இயலவில்லை.

வெயிலில் பிளந்து, மழையில் குழையும் மண் கரிசல். அத்தகைய மண்ணில் பொறியை நிறுத்துமுன், பாரம் பரவும்படி கனத்த மரப்பலகைகளையோ இரும்புத் தகடுகளையோ விரிப்பது கட்டாயம். அன்று மாலை மூவரும் அமர்ந்து, கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலைகளுக்குப் பேர்போன நம் பகுதியில் எளிதில் கிடைக்கும் மருந்து தோய்க்காத தீக்குச்சிகளை வரிசையாக ஒட்டிப் பலகை செய்தனர். பொறி மீண்டும் அதே மண்ணில் நின்றது, கல்லைத் தூக்கியது, சாயவில்லை.

பெற்றோரே, பிள்ளைக்கு விலையுயர்ந்த பொருள் வேண்டும் என்பதில்லை. நூற்கண்டும் தீக்குச்சியும் போதும். உங்கள் தொழிலை அவன் கண்முன் செய்து காட்டுங்கள். எட்டாத உயரத்தில் எழும் கையை உலகம் வியக்கிறது. அதைத் தாங்குவதோ கீழே விரித்த பலகை. குடும்பத்துக்காகத் தொலைவில் உழைப்பவர்களும் அத்தகையோரே. விடுப்பு முடிந்து தந்தை புறப்பட்டபோது, "பலகை போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நில்லுங்கள், அப்பா" என்றானாம் அச்சிறுவன்.