வினாவிலும் வாலிபருக்குப் பங்கு

மணிமுத்தாறு அணை 1958இல் கட்டி முடிக்கப்பட்டது. கடைமடைக்கு நீர் ஏன் எட்டவில்லை என்பதை அணைமேல் நின்று அறிய இயலாது. கடைமடை உழவரையே கேட்க வேண்டும். வாலிபரின் மனநலத்தை ஆராய்வோருக்கும் இது பொருந்தும்.

எதை ஆராய்வது, எச்சொற்களால் கேட்பது என்பவற்றை நெடுங்காலம் மூத்தோரே தீர்மானித்தனர். வாலிபர் விடையளிப்பவராக மட்டும் இருந்தனர். ‘மனநோய் உண்டா?’ என்று கேட்டால், நம் ஊர்களில் ‘இல்லை’ என்பதே பெரும்பாலும் விடை. ‘இரவில் உறக்கம் வருகிறதா? தேர்வை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறதா?’ என்று கேட்டால் பேச்சுப் பிறக்கும். இவ்வேறுபாட்டை நமக்குக் கற்பிக்கத்தக்கவர் வாலிபரே.

இதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 1996இல் கோவாவில் தொடங்கப்பெற்ற சங்காத் நிறுவனம், டெல்லி அரசுப் பள்ளி மாணவருக்கு மனநல உதவித் திட்டம் வகுத்தபோது, மாணவரிடமே முதலில் கேட்டறிந்தது. அவர்தம் அன்றாட இடர்களைக் கொண்டு படக்கதை நூல்களை அமைத்தது. பயிற்சி பெற்ற, மருத்துவரல்லாத ஆலோசகர் அவற்றைப் பயன்படுத்தினர்.

தம்மைப்பற்றிய காரியங்களில் சிறுவரின் கருத்துக்கு உரிய மதிப்பளிக்க வேண்டுமென 1989ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு கூறுகிறது. 1992இல் இந்தியாவும் அதனை ஏற்றது.

ஆகவே, வாலிபரை ஆய்வுக்குழுவில் அமர்த்துவது அலங்காரத்திற்கன்று. அவர்கள் சொன்னதால் எந்த வினா மாறியது என்று நாம் கேட்போமாக. ஒன்றும் மாறவில்லையெனில், நாம் இன்னும் அணைமேல்தான் நிற்கிறோம்.