ஆழம் காட்டும் திரை

ஆலைகளும் லேத் பட்டறைகளும் சூழ்ந்த வடசென்னையின் காலடிப்பேட்டை, திருவொற்றியூர்ப் பகுதிகளில், பிரஸ் மெஷினிலோ ஓடும் பெல்ட்டிலோ விரலைப் பறிகொடுத்த தொழிலாளியைத் தோழர்கள் ஏற்றிக்கொண்டு விரைவது பெரும்பாலும் பழைய ஜெயில் ரோட்டிலுள்ள ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத்தான். 1971-இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே தொடங்கிய கைச் சிகிச்சைப் பிரிவு, 2018-இல் இரு கைகளையும் இழந்த ஒருவருக்கு மாற்றுக் கைகளைப் பொருத்துமளவுக்கு வளர்ந்தது.

துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றிப் பாலிதீன் பையிலிட்டு, ஐஸ் நேரே படாதவாறு அப்பையை ஐஸ்மேல் வைத்துக் கொண்டுசேர்ப்பது உடன்வருவோர் கடமை. அதன்பின் நிகழ்வது அதிசூட்சுமமான காரியம். சுமார் ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ரத்தக்குழாயை, 0.02 மில்லிமீட்டர் பருமனுள்ள நைலான் இழையால் தைக்க வேண்டும். மைக்ராஸ்கோப்பின் துணையால் இது கைகூடும் என்பதை 1960-இல் அமெரிக்காவில் ஜேக்கப்சனும் சுவாரெஸும் காட்டினர். 1965-இல் ஜப்பானின் நாரா மாகாணத்தில் கோமாட்சுவும் தமாயும், முற்றிலும் துண்டான கட்டைவிரலையே ஒட்டவைத்தனர்.

குழாயின் முன்சுவரைத் துளைக்கும் ஊசி, கைதவறிப் பின்சுவரையும் சேர்த்துக் கவ்விவிடுமாயின், துவாரம் அடைபட்டு, ரத்தம் உறைந்து, அரும்பாடுபட்டு ஒட்டிய விரல் கறுத்துவிடும். ஆகவே ஊசிமுனை எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதே இங்கு உயிர்நிலை. அந்த ஆழமோ, மைக்ராஸ்கோப்பில் கண்வைத்துக் கழுத்துக் குனிந்து மணிக்கணக்கில் அமர்ந்திருக்கும் நிபுணருக்கும் உதவியாளருக்கும் மட்டுமே புலப்படும். சுற்றி நிற்கும் மாணவர்களும் நர்ஸும் டி.வி.யில் காண்பது தட்டையான பிம்பத்தையே.

இக்குறையைத் தீர்க்க வந்ததே முப்பரிமாணக் காட்சிக் கருவி. காயத்துக்கு மேலே நிறுத்திய காமிரா இரு கோணங்களில் படமெடுக்க, விசேஷக் கண்ணாடி அணிந்தோர் அனைவருக்கும் பெரிய திரையில் மேடுபள்ளம் பிரத்தியட்சமாகிறது. ஒலிம்பஸ், சோனி நிறுவனங்கள் கூடி 2017-இல் வெளியிட்ட கருவி, 55 அங்குலத் திரையில் இதைச் சாதித்தது. நிபுணர் தலைநிமிர்ந்து தைக்கலாம்.

விலையோ அதிகம், மிக உயர்ந்த உருப்பெருக்கத்தில் பழைய மைக்ராஸ்கோப்பின் தெளிவையே நாடுவோரும் உளர், கைத்திறனுக்கு எந்தத் திரையும் ஈடாகாது. எனினும், விரலை ஒட்டும் வித்தையைக் கற்பிக்கும் அரசு மருத்துவமனைகளுக்கு இக்கருவியை வாங்குகையில், நிபுணரின் கழுத்துவலி தீருமா என்பதோடு, எத்தனை மாணவர் ஒரே தையலின் ஆழத்தை ஒருங்கே கண்டு கற்பர் என்பதையும் கணக்கிடவேண்டும். விபத்து நேரங்காலம் பார்ப்பதில்லை; நள்ளிரவு ஷிப்டில் விரலிழந்தவனுக்குத் தேவை, அவ்வேளையில் பணியிலிருக்கும் பழகிய கைகளே.