உங்கள் ஊரில் எத்தனை விவசாயிகள்?

செய்யூர் வட்டத்தில் ஒரு சிற்றூருக்குப் போய், "இங்கே எத்தனை பேர் விவசாயம் செய்கிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பட்டா உள்ளவர்களின் பெயரைத்தான் சொல்வார்கள். குத்தகை நிலத்தில் தர்ப்பூசணி போடுபவர், வாரத்துக்கு நெல் பயிரிடுபவர், கணவர் சென்னைக்கு வேலைக்குப் போய்விட நிலத்தை முழுதாகக் கவனிக்கும் பெண் ஆகியோரின் பெயர்கள் அந்தக் கணக்கில் வராது.

நம் சீமையில் 250 ஆண்டுகளுக்கு முன் எடுத்த கணக்கு இதைவிட விரிவானது. 1763-ல் ஆற்காடு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் சுமார் 2,000 ஊர்களின் விவரங்களைத் திரட்டினார். கம்பெனியின் கண் வரி மீதுதான். ஆனால் அந்தக் கால ஊர்க் கணக்குகள் ஓலையில் சொல்வது அதற்கும் மேலே: எத்தனை வீடு, எந்த வீட்டில் என்ன தொழில், ஏரி, குளம், தோப்பு, நன்செய், புன்செய். களத்தில் நெல் அளக்கும்போது தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், கணக்கர், கோயில் என்று யார் யாருக்கு எவ்வளவு மேரை என்பதும் அதில் உண்டு. ஏரிக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள்! அந்த ஓலைகள் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன.

இன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மேரைக்கு இடமில்லை. ஆனால் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்ற கேள்வி உண்டு. தமிழ்நாட்டில் 2001-ல் பயிரிடுவோர் சுமார் 51 லட்சம் பேர். 2011-ல் சுமார் 42 லட்சம். விவசாயத் தொழிலாளர்களோ 86 லட்சத்திலிருந்து 96 லட்சமாகக் கூடினார்கள். நிலத்தை விற்றவர்கள் இதில் நிச்சயம் இருக்கிறார்கள். தவறாகப் பதிவானவர்களும் இருப்பார்கள் என்பது என் சந்தேகம். விவசாயியே இல்லை என்று பதிவான ஊருக்குத் திட்டம் தீட்டுபவர் எதை வைத்துத் தீட்டுவார்?

2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டிருக்கிறது. இதுவரை பின்பற்றிய விளக்கப்படி, பயிரிடுபவர் என்று பதிவாகச் சொந்த நிலம் கட்டாயமில்லை. அரசு நிலம், தனியார் நிலம், கோயில் போன்ற நிறுவனங்களின் நிலம் எதுவானாலும், பணமோ தானியமோ பங்கோ கொடுத்துப் பயிர் செய்தால் நீங்கள் பயிரிடுபவர்தான். சாகுபடியின் லாப நட்டத்தில் பங்கில்லாமல், அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைப்பவரே விவசாயத் தொழிலாளர். குடும்ப நிலத்தில் கூலி வாங்காமல் பாடுபடும் பெண்ணின் உழைப்பும் வேலைதான். "வீட்டு வேலை" என்று எழுத விடாதீர்கள். ஆண்டில் ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால் முதன்மைத் தொழிலாளர், குறைந்தால் குறுகிய காலத் தொழிலாளர். அதனால் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம்வாரியாக உங்கள் வேலை நாட்களை இப்போதே கூட்டிப் பாருங்கள்.

விரிவாக்கப் பணியாளர்கள் இதைக் கிராம சபையில் ஒருமுறை சொன்னால் போதும், ஊர் முழுக்கப் பரவிவிடும். இன்னொன்று. பிப்ரவரி, மார்ச்சில் நவரை நெல்லும் தர்ப்பூசணியும் வயலில் நிற்கும். கணக்கெடுப்பாளர் வரும் நேரத்தில் வீட்டில் பெரியவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். யார் எந்த நிலத்தில் என்ன பயிர் செய்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வயலுக்குப் போங்கள்.