அந்தப் பாட்டிக்கு எத்தனை வயது?

அயர்லாந்தில் பூர்வீகம் தேடுகிறவர்கள் கையில் முதலில் எடுப்பது 1901, 1911 சென்சஸ்களைத்தான். அன்று வீடுவீடாக நிரப்பிய படிவங்களை டப்ளினில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. இரண்டையும் அருகருகே வைத்தால் தலை சுற்றும். 1901இல் 57 வயதாக இருந்த பாட்டிக்கு 1911இல் 71 என்றிருக்கும். பத்தே ஆண்டில் பதினான்கு வயது! இப்படி ஏராளமான வீடுகள்.

இடையில் வந்தது பென்ஷன். 1909 ஜனவரி முதல், 70 வயதான ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கிடைத்தது. வயதுக்குச் சான்று கேட்டால் எங்கே போவது? அங்கே எல்லாப் பிறப்புகளையும் அரசு பதியத் தொடங்கியதே 1864இல்தான். 1839 ஜனவரி 6 இரவு அடித்த பெரும்புயல் நினைவிருக்கிறது என்று சொன்னதைக்கூடச் சான்றாக ஏற்றார்கள். பென்ஷன் வாங்குகிறவர் சென்சஸில் மட்டும் வயதைக் குறைத்து எழுதுவாரா?

அதற்காக 1911 பொய், 1901 மெய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பலருக்குத் தங்கள் வயது உண்மையிலேயே தெரியாது. முதலில் சொன்னதும் குத்துமதிப்பாக இருக்கலாம். என் வழக்கம், ஆதாயமில்லாத பதிலை முதலில் பார்ப்பது. மணமாகி எத்தனை ஆண்டு, பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பவர்கள் எத்தனை என்று 1911இல் மணமான பெண்களிடம் கேட்டார்கள். கேள்வி தங்களுக்கில்லை என்று தெரியாமல் சில விதவைகளும் எழுதினார்கள். அலுவலர் அதை அடித்துவிட்டாலும், கோட்டுக்கடியில் எண்கள் இன்றும் தெரிகின்றன. அவற்றோடு பிள்ளைகளின் வயதையும் தேவாலய ஞானஸ்நானப் பதிவேட்டையும் ஒப்பிட்டால் பாட்டியின் வயது ஓரளவு பிடிபடும்.

1901க்கு முந்தைய சென்சஸ்கள் பெரும்பாலும் அழிந்தன. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே அழித்தது. 1821 முதல் 1851 வரையிலானவை, 1922 ஜூன் 30இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்து ஆவணக் காப்பகம் எரிந்தபோது போயின. சில துண்டுகளே மிஞ்சின.

ஆனால் அவை எரிவதற்கு முன்பே பென்ஷன் கேட்டவர்களுக்காக 1841, 1851 ஏடுகளைப் புரட்டி வயதைத் தேடித் தந்தார்கள். பல தேடல்களில் ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டதைக் குறித்த படிவங்கள் தப்பிப் பிழைத்தன. பெற்றோர் பெயர், ஊர், வீட்டிலிருந்த பிள்ளைகள் எல்லாம் அவற்றில் உண்டு. நம் பாட்டியும் விண்ணப்பித்திருந்து, 1851இல் வயது 7 என்ற குறிப்பு கிடைத்தால், 1901 சொன்ன 57தான் சரி. கூடவே, வேறு ஏடுகளில் கிடைக்காமல் போகக்கூடிய அவருடைய அப்பா அம்மா பெயரும் கிடைத்துவிடும்.