கூடாரத்தில் பிறந்த தமிழகத்துச் சினிமா

சினிமா என்பது ஒரே மனிதர் ஒரே நாளில் கண்டுபிடித்த பொருளன்று. வேதியியல், ஒளியியல், இயந்திரவியல் ஆகிய மூன்று துறைகளின் வளர்ச்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒன்றுகூடியதால் உருவான கலை அது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மனின் நிறுவனம் வளையக்கூடிய செல்லுலாய்டுச் சுருளை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, எடிசனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிக்சன் அச்சுருளின் ஓரங்களில் துளையிட்டு, பற்சக்கரத்தால் சீராக நகர்த்தும் முறையை வகுத்தார். இவ்வாறு பிறந்து 1894இல் நியூயார்க்கில் பொதுமக்கள் பார்வைக்கு வந்த கினிட்டோஸ்கோப், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே குனிந்து துளை வழியே பார்க்கக்கூடிய, மின்விசையால் ஓடும் பெட்டியாக இருந்தது.

இந்தக் குறையைப் பிரான்சின் லூமியர் சகோதரர்கள் நீக்கினர். திரையில் படம் தெளிவாகத் தெரிய வேண்டுமானால், சுருள் இடைவிடாமல் ஓடாமல் ஒவ்வொரு படச்சட்டமும் விளக்கின் முன் ஒரு கணம் நின்று நகர வேண்டும். சட்டம் நகரும் வேளையில் சுழலும் தகடு ஒன்று ஒளியை மறைக்க வேண்டும். தையல் இயந்திரம் துணியை விட்டுவிட்டு நகர்த்தும் அமைப்பை ஒட்டி, துளைகளில் மாட்டிச் சுருளை இழுக்கும் நகம் போன்ற உறுப்பை லூயி லூமியர் உருவாக்கினார். நொடிக்குச் சுமார் 16 சட்டங்கள் இவ்வாறு மாறும்போது, கண்ணும் மூளையும் அவற்றைத் தொடர் இயக்கமாக உணர்கின்றன. சில கிலோ எடையே கொண்ட அந்தக் கருவி படம்பிடிக்கவும், படி எடுக்கவும், திரையிடவும் பயன்பட்டதோடு, கைப்பிடியைச் சுழற்றினாலே இயங்கியது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் கட்டணக் காட்சி நடத்திய சகோதரர்களின் படங்கள், 1896 ஜூலை 7 அன்றே பம்பாயின் வாட்சன் ஓட்டலில் திரையிடப்பட்டதற்கு இந்த எளிமையே முக்கியக் காரணம்.

தமிழகத்தில் அந்த எளிமையின் முழுப்பயனையும் உணர்த்தியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக இருந்த அவர், படக்காட்சி நடத்த வந்து நோயுற்ற டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து, 1905இல், 2,000 ரூபாய்க்கும் அதிகமான விலை கொடுத்துப் படவீழ்த்தியையும் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படம் உள்ளிட்ட சுருள்களையும் வாங்கி, வேலையைத் துறந்து, கூடாரத்துடன் ஊர் ஊராகப் புறப்பட்டார். மின்சாரம் எட்டாத இடங்களில், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தெரியும் சுடரால் சுண்ணாம்புக் கட்டியைச் சூடேற்றிப் பெறும் வெண்ணிற ஒளி அக்காலப் படக்காட்சிகளுக்குக் கைகொடுத்தது. வடக்கே லாகூர், பெஷாவர் வரையிலும் காட்சிகள் நடத்திய வின்சென்ட், 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான திரையரங்கைக் கட்டினார்.

கட்டடத்தையும் மின்கம்பியையும் எதிர்பாராத இந்தக் கூடார முறையே பின்னர் டூரிங் டாக்கீஸாக வளர்ந்து, தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து அமர்ந்த உழவரையும் கூலித் தொழிலாளரையும் சினிமாவின் பார்வையாளராக்கியது. ஜெயங்கொண்டத்துக்கும் விருத்தாசலத்துக்கும் இடைப்பட்ட ஆண்டிமடம் போன்ற, பெருநகரத்திலிருந்து விலகிய வேளாண் ஊர்களுக்குச் சினிமா எட்டக்கூடியதாக ஆனது இத்தகைய முறையால்தான். ஆகவே சினிமாவின் பிறப்பை எழுதும்போது, கருவியை உருவாக்கிய டிக்சனுக்கும் லூமியருக்கும் அருகில், அதை மக்களிடம் சுமந்து சென்ற வின்சென்ட்டுக்கும் இடமளிப்பதே நேர்மையான வரலாறாகும்.