திரையைக் காதால் படிக்கலாம்

ஓர் அட்டையை எடுத்து, அச்சிட்ட எழுத்து ஒன்று மட்டும் தெரியும் அளவுக்கு நடுவில் ஒரு துளை போடுங்கள். வேறொரு வகுப்பின் கால அட்டவணை மேல் அதை வைத்து நகர்த்திக்கொண்டே போய், புதன்கிழமை நான்காம் பாடவேளை எது என்று கண்டுபிடிக்க முயலுங்கள். எழுத்துகள் எல்லாம் கிடைக்கும். ஆனால் எந்த எழுத்து எந்தக் கட்டத்தில் இருந்தது என்பது நினைவை விட்டு நழுவிக்கொண்டே இருக்கும்.

பார்வையற்ற ஒருவர் கணிப்பொறியைக் கையாளும்போது எதிர்ப்படும் சிக்கலும் ஏறத்தாழ இதுதான். கண் திரை முழுவதையும் ஒரே நோட்டத்தில் வாரிக்கொள்ளும். காதுக்கோ செய்தி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். திரையில் உள்ளதை எடுத்துப் பேச்சாக மாற்றித் தரும் நிரலுக்குத் திரை வாசிப்பான் என்று பெயர்.

அது எழுத்தை எப்படி அறிகிறது? திரையைப் புகைப்படம் எடுத்துப் பார்க்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். 1981-இல் வந்த ஐ.பி.எம். தனிநபர் கணிப்பொறியை எடுத்துக்கொள்வோம். அதன் எழுத்துத் திரையில் 25 வரிகள். வரிக்கு 80 கட்டங்கள். மொத்தம் 2000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நினைவகத்தில் இரண்டு பைட்டுகள். ஒன்றில் எழுத்தின் எண், மற்றொன்றில் அதன் நிறம். ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ' என்றால் அங்கே 65 என்ற எண் இருக்கும். ஆக, 4000 பைட்டுகளைப் பார்த்தால் திரை முழுவதும் கைக்கு வந்துவிடும். எண்ணை எடுத்துப் பேச்சுக் கருவிக்கு அனுப்பினால் போதும்.

இந்த வழியில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தின் கணித அறிஞர் ஜிம் தாட்சர், பார்வையற்ற தம் சக அறிஞர் ஜெஸ்ஸி ரைட்டை மனத்தில் கொண்டு உருவாக்கிய நிரல் 1986-இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு வைத்த 'ஸ்கிரீன் ரீடர்' என்ற பெயரே பின்னர் இவ்வகை நிரல்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஆயிற்று.

படங்களும் சுட்டியும் கொண்ட திரைகள் வந்தபோது இந்த வசதி அடிபட்டுப் போயிற்று. அங்கே நினைவகத்தில் இருப்பவை வெறும் புள்ளிகள். 65 என்ற எண் இல்லை. மக்கின்டோஷ் கணிப்பொறிக்கு 1989-இல் 'அவுட்ஸ்போக்கன்' என்ற நிரல் வந்து இதற்கும் வழி கண்டது. ஆனாலும் எழுத்துத் திரை மறைந்துவிடவில்லை. லினக்ஸ் கணிப்பொறிகளில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்கும் முனையம் இன்றும் அன்றாடக் கருவி. அங்கே எழுத்துத் திரையின் உள்ளடக்கத்தை ஒரு கோப்பைத் திறந்து படிப்பதுபோலவே நிரல்கள் படித்துக்கொள்ளலாம். 'ஸ்பீக்கப்' என்ற வாசிப்பான் லினக்ஸின் கருவுக்குள்ளேயே இயங்குவது.

எழுத்து மட்டும்தான் என்றால் காதுக்கு எல்லாம் சுலபமாகிவிடுமா? இல்லை. ஒரு சிறிய இடைவெளியே போதும், வேலையைக் கெடுக்க. 'ஆர்.எம்.' என்பது கோப்புகளை அழிக்கும் கட்டளை. அதன் பின் ஒரு நட்சத்திரக் குறி, அதை ஒட்டிப் புள்ளி, டி.எக்ஸ்.டி. என்று கொடுத்தால், அந்த வாலைக் கொண்டு முடியும் கோப்புகள் மட்டுமே அழியும். நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவே கை தவறி ஓர் இடைவெளி விழுந்துவிட்டதா? தனித்து நின்ற நட்சத்திரத்துக்கு 'எல்லாம்' என்று பொருள். அந்த அடைவில் உள்ள கோப்புகள் அனைத்தும் போய்விடும். மீட்டெடுக்கக் குப்பைத் தொட்டியும் அங்கே கிடையாது.

கண்ணால் பார்ப்பவருக்கு அந்த இடைவெளி தென்படும். வாசிப்பான் வரியைச் சரளமாகப் படித்தால் இடைவெளிக்கு ஓசையே இராது. ஆகவே பழகியவர்கள் ஆபத்தான கட்டளையை அனுப்புமுன், அம்புக்குறி விசையால் எழுத்தெழுத்தாக நகர்ந்து கேட்பார்கள். அப்போது 'நட்சத்திரம், இடைவெளி, புள்ளி' என்று ஒவ்வொன்றும் பெயர் சொல்லி வரும். பெரிய எழுத்தானால் குரலின் சுருதியைச் சற்று உயர்த்திச் சொல்லும் ஏற்பாடும் உண்டு. நிறுத்தற்குறிகளை எவ்வளவு படிக்க வேண்டும் என்பதையும் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

அட்டவணைத் தொல்லையும் இங்கே உண்டு. கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்.எஸ்.' கட்டளை பெயர்களை மேலிருந்து கீழாகப் பல பத்திகளில் அடுக்கும். வாசிப்பானோ இடமிருந்து வலமாகப் படிக்கும். முதல் பெயருக்கு அடுத்து ஆறாவது, பிறகு பதினொன்றாவது! கட்டளையோடு ஒரு சிறு கோடும் 1 என்ற எண்ணும் சேர்த்தால் வரிக்கு ஒரு பெயராக வந்துவிடும். சிவப்பு நிறத்தால் மட்டும் பிழையைக் காட்டும் நிரல்கள் இதைவிடத் தொல்லை. அவற்றை எழுதியவர்கள் 'பிழை' என்று ஒரு சொல்லைச் சேர்த்திருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், பழைய கருவிகள் சில காதுக்குப் புதியவற்றைவிட நன்றாகப் பொருந்துகின்றன. கென் தாம்சன் 1969-இல் எழுதிய 'எட்' என்ற திருத்தி, காகிதத்தில் அச்சடிக்கும் தொலை அச்சுப் பொறிக்காகப் பிறந்தது. கேட்ட வரியை மட்டும் காட்டிவிட்டு அது மௌனமாகிவிடும். பதினான்கு வயதில் பார்வை இழந்து, பின்னாளில் அமெரிக்காவில் ஆய்வுப் பட்டம் பெற்ற டி.வி. ராமன் வேறொரு வழியில் சென்றார். அவர் 1995-இல் வெளியிட்ட 'ஈமாக்ஸ்பீக்', திரையை அப்படியே ஒப்பிப்பதில்லை; இது தலைப்பு, இது குறிப்பு என்று பொருளறிந்து குரலை மாற்றிப் பேசுகிறது.

இவர்கள் கேட்கும் வேகம் உங்களைத் திகைக்க வைக்கும். சாதாரணப் பேச்சு நிமிடத்துக்குச் சுமார் 150 சொற்கள். பழகியவர்கள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேகத்தில் கேட்கிறார்கள். இதனால்தான் இனிமையான மனிதக் குரலைவிட, 'ஈஸ்பீக்' போன்ற நிரல்களின் இயந்திரக் குரலைப் பலர் விரும்புகிறார்கள். எவ்வளவு விரைந்தாலும் அதன் ஒலிகள் குழம்புவதில்லை.

காதுக்குப் பதில் விரலால் படிக்கவும் வழி உண்டு. லினக்ஸில் 'பி.ஆர்.எல்.டி.டி.ஒய்.' என்ற நிரல், திரையின் வரியைப் பிரெய்ல் பலகைக்கு அனுப்பும். பலகையின் ஒவ்வொரு கட்டத்திலும் 8 சிறு ஊசிகள். மின்சாரம் பாய்ந்தால் வளையும் படிகப் பட்டைகள் அவற்றை உயர்த்தித் தாழ்த்துகின்றன. வெற்று இடைவெளியையும் விரல் அறியும்: அங்கே ஊசி எதுவும் எழாது. ஆனால் 80 எழுத்து வரிக்கு 640 ஊசிகள் வேண்டுமல்லவா? விலை எக்கச்சக்கம். எனவே பலர் 40 கட்டப் பலகையை வைத்துக்கொண்டு, ஒரு வரியை இரண்டு தவணையாகப் படிக்கிறார்கள்.